மலிவு விலை இறக்குமதி பிளைவுட்: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் மரவேலை செய்து பழகுகிறேன். வட்ட ரம்பம், டிரில், இரண்டு உளி, ஒரு மூலைமட்டம் இருக்கின்றன. அப்பா விட்டுச்சென்ற புத்தகங்களுக்காக 4 அடி அகலம், 6 அடி உயரத்தில் இரண்டு அலமாரிகளும், மகனுக்கு ஒரு படிப்பு மேசையும் செய்ய நினைக்கிறேன். கணக்குப் போட்டால் 6 ஷீட் தேவைப்படுகிறது. கடையில் வியட்நாமிலிருந்து வந்த 18 மி.மீ. 'பிர்ச்' பிளைவுட் சதுர அடி 68 ரூபாய் என்றார்கள். நம் நாட்டில் செய்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பலகை 112 ரூபாய். வெளிநாட்டுப் பலகை பார்க்க அவ்வளவு அழகு. ஒன்று மட்டும் வாங்கி வந்து அறுத்தேன். நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அறுத்த துண்டுகளை வைத்த அறையில் கண் லேசாக எரிகிறது. மீதி 5 ஷீட்டுகளை வாங்கலாமா? நல்ல பலகையை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: சகோதரி, 6 ஷீட்டையும் ஒரே வண்டியில் ஏற்றி வராமல் ஒன்றை மட்டும் வாங்கி அறுத்துப் பார்த்தீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். 30 ஆண்டுகளாகக் கோவையில் மரவேலைப் பட்டறை நடத்துகிறேன். பிளைவுட் பற்றி என்னிடம் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் அலமாரி செய்து, மைக்கா ஒட்டி, பொருளையும் அடுக்கிவைத்த பிறகுதான் கேட்கிறார்கள். அப்போது நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அந்த 5 ஷீட்டுகளை அலமாரிக்காகவோ மேசைக்காகவோ வாங்காதீர்கள். ஆனால் அது வியட்நாம் சரக்கு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வியட்நாமில் மிக நல்ல பலகையும் செய்கிறார்கள், மட்டமானதும் செய்கிறார்கள். நம் நாட்டில் பிளைவுட் ஆலைகள் நிறைந்த பெரும்பாவூரிலும் யமுனாநகரிலும் அப்படித்தான். ஒரே ஆலையிலேயே விலைக்கு ஏற்றபடி மூன்று, நான்கு தரத்தில் பலகை அழுத்துவார்கள். ஆகவே எந்த நாடு என்று கேட்பதைவிட, அந்த 44 ரூபாயை எதில் மிச்சம் பிடித்தார்கள் என்று கேளுங்கள். ஒரு ஷீட்டுக்கு 32 சதுர அடி. 1,408 ரூபாய் வித்தியாசம். இவ்வளவு பணத்தைக் கடைக்காரர் தன் லாபத்திலிருந்து உங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. பலகைக்குள்ளேதான் எங்கோ குறைத்திருக்கிறார்கள்.

முதலில் முகப்பைப் பாருங்கள், ஏனென்றால் உங்களை மயக்கியது அதுதான். 'பிர்ச் பிளைவுட்' என்ற பெயருக்கு மதிப்பு வந்தது பின்லாந்து, பால்டிக் நாடுகள், ரஷ்யா ஆகிய இடங்களில் செய்யும் பலகையால். அதில் முகப்பு மட்டுமல்ல, உள்ளே உள்ள ஒவ்வொரு அடுக்கும் பிர்ச் மரம். 18 மி.மீ. பலகையில் 13 அடுக்குகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. கனம். அறுத்த ஓரத்தை இழைத்து மெருகேற்றி அப்படியே வெளியே தெரியும்படி விடலாம். அவ்வளவு அடர்த்தியாக இருக்கும். உங்கள் கடையில் இருப்பது அதுவல்ல. அதன் உள்ளே இருப்பது அநேகமாக வியட்நாமின் தோட்டங்களில் சில ஆண்டுகளிலேயே வளர்த்து வெட்டும் அக்கேசியா அல்லது யூகலிப்டஸ். மேலே மட்டும் பிர்ச் தோல்.

அந்தத் தோல் எவ்வளவு மெல்லியது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். அறுத்த துண்டின் ஓரத்தை 180 நம்பர் உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, பக்கத்தில் உங்கள் பள்ளியில் பயன்படுத்தும் ஏ4 தாள்கள் மூன்றை அடுக்கிவைத்துப் பாருங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. மூன்று தாள் கனம்கூட அந்த முகப்பு வெனீருக்கு, அதாவது மேலே ஒட்டிய மரத்தாளுக்கு, இருக்காது என்றே நினைக்கிறேன். உப்புத்தாள் மெஷினைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், பிர்ச் போய் அடியில் இருக்கும் பழுப்பு மரம் தெரியும். அதற்குப் பிறகு எந்த வார்னிஷும் அதை மறைக்காது.

மெல்லிய முகப்பு மலிவுப் பலகையில் மட்டும் உள்ள குறையும் அல்ல. நம் நாட்டில் நெடுங்காலம் பிளைவுட் முகப்புக்கு மியான்மரின் கர்ஜன் மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். 2014 ஏப்ரலில் மியான்மர் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அதன் பிறகு ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஒகூமே மரத்தின் பக்கம் ஆலைகள் திரும்பின. காபோனும் 2010 முதலே மரத்தடியாக வெளியே விடுவதில்லை. உரித்த வெனீராகத்தான் வருகிறது. முகப்பு மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் எல்லோரும் அதை மெல்லிசாக உரிக்கத் தொடங்கினார்கள். சிலர் பாப்ளர் மரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி கர்ஜன் என்று விற்கவும் தொடங்கினார்கள். வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து முகப்பைத் துடைத்தால் துணியில் சிவப்பு இறங்கும். உங்கள் பலகைக்கு இந்தச் சோதனை தேவையில்லை. நாளை வேறு பலகை வாங்கும்போது உதவும்.

இனி அந்த ஓட்டை. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிளைவுட்டுக்கு மரத்தை அறுப்பதில்லை, உரிக்கிறார்கள். தடியைச் சுழலவிட்டு நீளமான கத்தியைக் கொடுத்தால், சுருட்டிய பாயை விரிப்பதுபோல் தாள் தாளாக மரம் வெளியே வரும். தடி பெரியதாக இருந்தால் அகலமான, முழுத்தாள் கிடைக்கும். தோட்டத்தில் ஐந்தாறு ஆண்டில் வெட்டிய மரம் உங்கள் தொடை அளவுகூட இருக்காது. அதிலிருந்து வருவது துண்டு துண்டான தாள்கள். நல்ல ஆலையில் அந்தத் துண்டுகளின் ஓரத்தை நேராக வெட்டி, நூலாலோ பசையாலோ இணைத்து முழுத்தாளாக்கிவிட்டு அடுக்குவார்கள். மலிவுப் பலகை செய்யும் இடத்தில் தொழிலாளர்கள் துண்டுகளைக் கையாலேயே அருகருகே பரப்பிக்கொண்டு போவார்கள். வேகமாகப் பரப்பும்போது இரண்டு துண்டுகளுக்கு இடையில் சந்து விழும். அந்தச் சந்துதான் உங்கள் சுண்டுவிரல் நுழைந்த ஓட்டை. எங்கள் தொழிலில் 'கோர் கேப்' என்போம்.

சந்து விழாத இடத்தில் அதற்கு நேர்மாறும் நடக்கும். ஒரு துண்டின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அழுத்தும்போது அந்த இடம் மேடாகி, மேலே முகப்பை ஒட்டித் தேய்த்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் பளபளப்பான மைக்கா ஒட்டிய பிறகு, மாலை வெயில் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழும்போது, நீளமாக ஒரு தழும்பு தெரியும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

சந்து இருந்தால் என்ன ஆகும்? அலமாரியின் பக்கவாட்டுப் பலகையில் தட்டைத் தாங்க நீங்கள் முடுக்கும் திருகாணி, அந்தச் சந்துக்குள் போனால் எதையும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கதவுக் கீல் அந்த இடத்தில் வந்தால் ஒரே வருடத்தில் தொங்கும். தட்டின் நடுவில் சந்து இருந்தால் அந்த இடத்தில் பலகை வளையும். இன்னொன்று, அடுக்குகளின் எண்ணிக்கை பொதுவாக ஒற்றைப்படையாக இருப்பதும், நடு அடுக்கின் இருபுறமும் ஒரே கனம், ஒரே மரம் இருப்பதும் காரணத்தோடுதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறும்போது ஒருபுறம் இழுப்பதை மறுபுறம் சமப்படுத்த வேண்டும். கைக்குக் கிடைத்த துண்டையெல்லாம் போட்டு அடுக்கிய பலகையில் அந்தச் சமன் இருக்காது. அதனால்தான் மலிவுப் பலகையில் செய்த கதவு ஐப்பசி மழையில் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் முடியும், பொறுமை இருந்தால். கடைக்காரர் சாய்த்து வைத்திருக்கும் முதல் ஷீட்டைப் பார்க்காதீர்கள். அடுக்கின் நடுவிலிருந்து இரண்டு ஷீட்டை எடுக்கச் சொல்லுங்கள். நான்கு ஓரத்தையும் நடந்து நடந்து பாருங்கள். ஓரம் முழுவதும் சாயம் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல ஆலைகளும் ஓரத்தில் நிறம் அடிப்பது உண்டு, ஆனால் நிறத்துக்கு அடியில் பட்டி அடைத்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். மரம் என்றால் நார் தட்டுப்படும். பட்டி என்றால் மாவு உதிரும்.

பிறகு விரல் முட்டியால் பலகை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். கடையில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்படாதீர்கள். 'டக் டக்' என்று வந்துகொண்டிருந்த ஓசை திடீரென்று 'டொக்' என்று குழைந்தால், அடியில் சந்தோ ஒட்டாத இடமோ இருக்கிறது. வெனீர் சரியாகக் காயாமல் சூடான அழுத்தத்தில் போனால் உள்ளே நீராவி சிக்கிக் கொப்புளம் உண்டாகும். அதுவும் இந்த ஓசையில்தான் அகப்படும்.

எடையும் நிறையச் சொல்லும். 8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. ஷீட் பாப்ளர் போன்ற இலேசான மரத்தில் செய்திருந்தால் 27 கிலோவிலிருந்து 30 கிலோ வரை இருக்கும். தைல மரமோ வேறு கடின மரமோ உள்ளே இருந்தால் 37 கிலோவைத் தாண்டும். எடை அதிகம் என்றால் உடனே நல்ல பலகை என்று நினைத்துவிட வேண்டாம், ஈரமாக இருந்தாலும் கனக்கும். கடின மரம் என்று சொல்லி விற்கும் ஷீட் 28 கிலோ இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். கனத்தையும் அளந்து பாருங்கள். 18 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் 5 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் இடம் தருகிறது, அதாவது 17.1 மி.மீ. வரை இறங்கலாம். வெர்னியர் காலிப்பரால் நான்கு மூலையிலும் ஓரங்களின் நடுவிலும் அளங்கள். ஒரே ஷீட்டில் ஒரு மூலை 17.8, இன்னொரு மூலை 16.6 என்று வந்தால், நீங்கள் வெட்டும் காடி எதுவும் சரியாக உட்காராது. மூலைவிட்டங்கள் இரண்டும் 107 அங்குலத்தைச் சற்றுத் தாண்டி, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும்.

ஷீட்டின் நீள ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் பார்க்கவும் மறக்காதீர்கள். வில்போல் ஒரே சீராக வளைந்திருந்தால் மேசைக்கு ஆகாது, ஆனால் சட்டத்தில் பொருத்தி நிமிர்த்திக்கொள்ளலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் எதற்கும் ஆகாது.

அடுத்தது பசை. கடையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது இது ஒன்றுதான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டின் சமையலறைக்கு அலமாரி செய்தேன். கழுவுதொட்டிக்கு அடியில் வரும் பெட்டிக்கு, 'மரைன்' (நீரை நன்றாகத் தாங்கும் ரகம்) என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்ட இறக்குமதிப் பலகையைப் போட்டேன். முத்திரையை நம்பினேன், வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு மழைக்காலம் முடிந்ததும் அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார்கள். குழாய் ஒழுகி அடிப்பலகை நனைந்திருந்தது. பலகை பழைய நோட்டுப் புத்தகம் நனைந்ததுபோல் ஊதி, அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. விரலால் ஒரு அடுக்கைத் தூக்கினேன், முழுசாகக் கையோடு வந்தது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது. என் செலவில் முழுவதும் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த லாட் பலகை பட்டறைக்கு வந்தாலும் ஒரு துண்டை வெந்நீரில் போடாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

நீங்களும் செய்யலாம். உங்களிடம் இப்போது துண்டுகள் இருக்கின்றன. நான்கு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றைக் காய்ந்த நிலையிலேயே மேசையில் பிடித்துவைத்து, உளியின் கூர்முனையை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கொடுத்து நெம்புங்கள். பிரிந்து வரும் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். இருபுறமும் மர நார் கிழிந்து, சிம்பு சிம்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் பசை மரத்தைவிட வலுவாக இருக்கிறது என்று பொருள். கண்ணாடிபோல் வழுவழுவென்று, பசை மட்டும் மினுங்கிக்கொண்டு பிரிந்தால் அந்தப் பசை ஒட்டவே இல்லை.

இரண்டாவது துண்டை, இனிமேல் சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில் போட்டு, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் கொதிக்கவிடுங்கள். ஆவியை முகர வேண்டாம். ஆனால் பலகை எந்த ரகம் என்று சொல்லி விற்றார்களோ, அதற்கேற்பத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண்ணில் வரும் மரைன் ரகம் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடக்கூடாது. ஐ.எஸ். 303-இல் வரும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) ரகத்துக்கு 8 மணி நேரக் கொதி, 16 மணி நேர உலர்த்தல் என்று மூன்று சுற்று. அதே ஐ.எஸ். 303-இல் உள்ள எம்.ஆர். (ஈரத்தை மட்டும் தாங்கும்) ரகத்துக்குக் கொதிநீர்ச் சோதனையே கிடையாது, 60 டிகிரி வெந்நீர்தான். எம்.ஆர். பலகையைக் கொதிக்கவைத்துவிட்டுப் பிரிந்துவிட்டதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது நியாயமில்லை. 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி விற்றிருந்தால் தாராளமாகப் போகலாம்.

பசையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீரைத் தாங்கும் பீனால் பசை கருஞ்சிவப்பாக இருக்கும், யூரியா பசை வெளுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் யூரியா பசையில் சாயம் கலந்து கருப்பாக்குவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. நெம்பிப் பார்த்தால் மட்டுமே உண்மை தெரியும்.

கண் எரிச்சலை நீங்கள் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை. யூரியா பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். வெப்பமும் ஈரமும் கூடினால் இன்னும் அதிகமாக வரும். தஞ்சாவூரில் இரண்டுக்கும் குறைவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் வைத்தது. நல்ல பலகையில் இந்த வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள், இ1, இ0 என்று குறியிடுவார்கள். ஆனால் வெறும் அச்சை வைத்து நம்ப முடியாது. கண் எரிகிறது என்றால் அதுவே போதிய சாட்சி. அந்தத் துண்டுகளை இன்றே அறையிலிருந்து எடுத்து வெளியே, நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். மகன் மணிக்கணக்காக முகம் குனிந்து உட்காரப்போகும் மேசைக்கு இந்தப் பலகை வேண்டவே வேண்டாம்.

முத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் நடைமுறைக்கு வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி, இந்தியாவில் விற்கும் பிளைவுட்டுக்கு, இறக்குமதியானாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். வெளிநாட்டு ஆலைகளும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் உரிமம் வாங்கலாம். ஆகவே 'வெளிநாட்டுச் சரக்கு, அதனால் முத்திரை இல்லை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். முத்திரை இருந்தாலும் வெறும் சின்னத்தைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. சின்னத்துக்கு மேலே ஐ.எஸ். 303 அல்லது ஐ.எஸ். 710 என்று எண் இருக்க வேண்டும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்த ஆலை, எந்தப் பொருளுக்கு வாங்கிய உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். '710 கிரேடு', 'மரைன் ஃபினிஷ்', 'ஐ.எஸ்.ஓ. 9001' என்றெல்லாம் அச்சிட்டு உரிம எண் இல்லாமல் வரும் பலகைகள் ஏராளம். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஆலையின் நிர்வாக முறைக்குத் தரும் சான்று, பலகையின் பசைக்குத் தருவது அல்ல.

உங்கள் அலமாரி விஷயத்துக்கு வருகிறேன். நல்ல பலகையே வாங்கினாலும் 4 அடி அகலத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் ஓர் அடிக்குச் சுமார் 10 கிலோ இருக்கும். 4 அடித் தட்டில் நிறைய அடுக்கினால் 40 கிலோ, அதுவும் வருடக்கணக்கில் இறங்காத பாரம். தட்டின் நீளம் கூடக்கூடத் தொய்வு ஒன்றுக்கு ஒன்றாகக் கூடாது. அதே கனம், அதே அடுக்கு என்றால், 3 அடித் தட்டைவிட 4 அடித் தட்டு மூன்று மடங்குக்கும் அதிகமாகத் தொய்யும். நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுத்து இரண்டு 2 அடிப் பகுதிகளாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நடுப்பலகை கொடுங்கள். தட்டுகளை வெட்டும்போது முகப்பு மரத்தின் ரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். ஷீட்டில் மிச்சம் பிடிக்கிறேன் என்று குறுக்கே வெட்டினால் பலகையின் வலுவில் பெரும்பகுதி போய்விடும்.

இப்படி மாற்றினால் செலவும் குறையும். பக்கவாட்டு, தட்டுகள், மேசையின் மேல்பலகை ஆகியவற்றுக்கு மட்டும் 18 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். வாங்குங்கள். அலமாரியின் பின்பலகைக்கு 6 மி.மீ. எம்.ஆர். தாராளமாகப் போதும். நீங்கள் எழுதிய 6 ஷீட்டில் எத்தனை பின்பலகைக்குப் போகிறது என்று திரும்பக் கணக்குப் பாருங்கள். 112 ரூபாய்ப் பலகையிலும் பட்ஜெட் பெரிதாக எகிறாது. பின்பலகையைச் சுவரோடு ஒட்டிவைக்காமல் ஓர் அங்குலம் தள்ளிவையுங்கள். உங்கள் ஊர் மழையில் சுவர் வியர்க்கும். வாங்கி வந்த ஷீட்டுகளை நேரே அறுக்காமல், மூன்று ரீப்பர் கட்டைகள் மேல் படுக்கவைத்து ஒரு வாரம் அறையின் காற்றுக்குப் பழகவிடுங்கள். சுவரில் சாய்த்துவைத்தால் நல்ல பலகையும் வளையும்.

அப்பாவின் புத்தகங்கள் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்திடாத இளமரத்தில், குறிப்பாக வெளிர்நிறப் பகுதியில், மரத்தை உளுத்துப்போகச் செய்யும் வண்டு முட்டையிட்டிருக்கக் கூடும். குண்டூசித் தலை அளவு துளையும் அதன் கீழே மைதா போன்ற தூளும் தெரிந்தால் அந்தப் பலகையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். நல்ல ஆலைகள் பசையிலேயே பூச்சிமருந்து கலந்து அழுத்துகின்றன. அப்படிச் செய்ததா என்று கடையில் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கையில் இருக்கும் அந்த ஒரு ஷீட்டை வீணாக்க வேண்டாம். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், அறுத்துவிட்டீர்கள். இரண்டு வாரம் வெளியே காற்றாட விடுங்கள். உளிச் சோதனையில் நார் கிழிந்து பிரிந்திருந்தால், வேலை செய்யும் இடத்தில் கருவிகள் மாட்டும் பலகை, ரம்பத்துக்கு நேர்கோடு காட்டும் வழிகாட்டிப் பலகை, துளையிடும் அச்சுப் பலகை என்று பலவற்றுக்கு அது உதவும். அறுக்கும்போது அடியில் ஒட்டினாற்போல் ஒரு பழைய பலகையை வைத்துக்கொள்ளுங்கள், மேலே அறுக்கும் கோட்டில் காகித டேப் ஒட்டிக் கத்தியால் ஒருமுறை கீறிவிடுங்கள். மெல்லிய முகப்பு சிம்பு சிம்பாகப் பெயராது. முகக்கவசம் இல்லாமல் அதை அறுக்க வேண்டாம். வீட்டுக்குள் வைக்கும் எதற்காவது பயன்படுத்தினால் முகப்பு, பின்புறம், நான்கு ஓரம் எல்லாவற்றையும் பெயின்ட்டாலோ மைக்காவாலோ முழுவதும் மூடுங்கள், வாயு வெளியேறுவது வெகுவாகக் குறையும்.

புதுப் பலகையை வாங்கும்போது அதே கடைக்காரரிடமே போகலாம், அறுத்த துண்டைக் கையில் கொண்டுபோங்கள். ஓட்டையைக் காட்டி, இது இல்லாத பலகை வேண்டும் என்று சொல்லுங்கள். அலமாரித் தட்டுகளின் முன் ஓரத்துக்கு ஒன்றரை அங்குல அகலத்தில் தேக்குப் பட்டையும் அங்கேயே அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசை தடவி, செங்குத்தாக நிற்கும்படி ஒட்டி, ஓர் இரவு இறுக்கிவைத்தால் அது ஓரத்தை மறைப்பதோடு தட்டையும் தாங்கும்.